எது இருக்கிறது? டேவிட் லூயிஸ் வாழ்நாள் முழுவதும் எழுதிய இருப்புக் கணக்கு

2024 டிசம்பரில் கூகுள் நிறுவனம் ‘வில்லோ’ என்ற குவாண்டம் சிப்பை அறிவித்தது. அந்த அறிவிப்பில் ஒரு வரி தனியாகப் பிரிந்து உலகம் சுற்றியது: குவாண்டம் கணக்கீடு பல இணை அண்டங்களில் நடக்கிறது என்ற கருத்துக்கு இந்தச் சிப்பின் வேகம் வலுச் சேர்க்கிறது என்ற வரி. இயற்பியலாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை. ஆனால் அந்த விவாதத்தின் ஓரத்தில் இன்னொரு குழப்பமும் வளர்ந்தது. இணை அண்டம், பல்லண்டம், சாத்திய உலகம் ஆகிய மூன்றும் ஒரே பொருள் தரும் சொற்களாகப் புழங்கத் தொடங்கின. அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் டேவிட் லூயிஸ் இதை எப்போதோ சொல்லிவிட்டார் என்ற பேச்சும் அவற்றோடு ஒட்டிக்கொண்டது.

லூயிஸ் சொன்னது அது அல்ல. அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள அண்டங்களை விட்டுவிட்டு, மிகச் சாதாரணமாகத் தோன்றும் ஒரு கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்: ‘இருக்கிறது’ என்று எவற்றைச் சொல்லலாம்? இதைத் தொழிலாகக் கொண்டு ஒருவர் நாற்பது ஆண்டுகள் எப்படி உழைக்க முடியும் என்பதும் அதோடு சேர்ந்து விளங்கிவிடும்.

முதலில் சொற்கள்

மீவியற்பியல் என்ற பெயர் ஒரு நூலடுக்கிலிருந்து வந்தது. அரிஸ்டாட்டிலின் கையெழுத்துப் பிரதிகளைப் பிற்காலத்தில் தொகுத்தவர்கள், இயற்கை பற்றிய நூல்களுக்கு அடுத்து வைத்த ஏடுகளை ‘இயற்பியலுக்குப் பின் வருவன’ என்று அழைத்தார்கள். காலம், காரணம், சாத்தியம், ஒரு பொருள் மாறிய பின்னும் அதே பொருளாக நீடிப்பது ஆகியவை அதன் பாடங்கள். அதற்குள் ஒரு பிரிவு, இருப்பவை எவை, எத்தனை வகை என்று மட்டும் கேட்கிறது. அதை இங்கே உள்பொருளியல் என்று அழைக்கிறேன். பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் முதலியோரின் இருத்தலியல் இதிலிருந்து முற்றிலும் வேறு. அது மனித வாழ்வின் சுதந்திரத்தையும் பொறுப்பையும் பற்றியது.

கேள்வி தமிழுக்குப் புதியதும் அல்ல. மணிமேகலையின் ‘சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை’யில் வைசேடிகவாதி, பொருள், குணம், கருமம், சாமானியம், விசேடம், கூட்டம் என்று ஆறாக வகுக்கிறான். இந்த வகுப்பு சரியா, இன்னும் ஒன்று வேண்டுமா, ஒன்றைக் குறைக்கலாமா என்று கேட்கத் தொடங்கிவிட்டால் உள்பொருளியலுக்குள் காலடி வைத்துவிட்டோம் என்று பொருள்.

இல்லாததைப் பற்றி எப்படிப் பேசுகிறோம்?

பள்ளியில் இல்பொருள் உவமையணி படித்தவர்களுக்குக் கொம்பு முளைத்த குதிரை நினைவிருக்கும். அப்படி ஒரு குதிரை இல்லை. இல்லை என்று சொன்ன அந்த வாக்கியம் எதைப் பற்றியது? இந்தப் புதிரை வானியலின் ஒரு நிகழ்வை வைத்துச் சொன்னால் அதன் கூர்மை தெரியும்.

பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே, யுரேனஸின் பாதையில் இருந்த பிறழ்வைக் கணக்கிட்டு, வெளியே இன்னொரு கோள் இருக்க வேண்டும் என்றார். 1846-ல் அவர் காட்டிய இடத்துக்கு அருகிலேயே நெப்டியூன் அகப்பட்டது. 1859-ல் அதே முறையைப் புதன் கோளுக்குப் பயன்படுத்தினார். சூரியனுக்கு அருகே காணப்படாத பொருள் ஏதோ இருக்கிறது என்றார். அதற்கு வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. பலர் தேடினார்கள், சிலர் பார்த்ததாகவும் சொன்னார்கள். 1915-ல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல், நூற்றாண்டுக்கு 43 விகலை என்ற மிகச் சிறிய கோண அளவுள்ள அந்தப் பிறழ்வை எந்தப் புதுக் கோளும் இல்லாமலே விளக்கிவிட்டது. இப்போது புதிர் இப்படி அமையும்:

1. ஒரு பொருளைப் பற்றி உண்மையாக ஏதேனும் சொல்ல வேண்டுமானால், அந்தப் பொருள் இருக்க வேண்டும்.
2. ‘வல்கன் இல்லை’ என்பது வல்கனைப் பற்றிய உண்மை.
3. ஆகவே வல்கன் இருக்கிறது.

முடிவு அபத்தம், ஆனால் படிகளில் எங்கே பிழை? 1905-ல் பிரிட்டிஷ் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரசல் ஒரு வழி காட்டினார். ‘வல்கன்’ ஒரு பொருளின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு அல்ல, ஒரு வருணனையின் சுருக்கம் என்று கொள்ளலாம். ‘புதனின் பாதைப் பிறழ்வுக்குக் காரணமான, சூரியனை ஒட்டிச் சுற்றும் கோள் எதுவும் இல்லை’ என்று விரித்தால், வாக்கியம் உண்மையாகவே இருக்கும், ஆனால் வல்கன் என்ற பொருள் அதற்குத் தேவைப்படாது. இரண்டாம் படி உடைகிறது.

இந்த வழியை ஒரு முழு முறையாக்கியவர் ஹார்வர்டின் வில்லார்டு குவைன். 1948-ல் அவர் எழுதிய ஒரு சிறு கட்டுரை, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் உள்பொருளியல் நடந்த பாதையைத் தீர்மானித்தது. அதற்கு முந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ருடால்ஃப் கார்னாப் போன்ற தத்துவவாதிகள், மீவியற்பியல் வாக்கியங்களுக்குப் பொருளே இல்லை என்று தள்ளி வைத்திருந்தார்கள். குவைன் கதவை மீண்டும் திறந்தார், ஆனால் வாசலில் ஒரு கணக்கரை உட்கார வைத்துவிட்டுத் திறந்தார்.

தமிழில் ‘இருப்பு’ என்ற சொல் உளதாம் தன்மையையும் குறிக்கும், கடையின் கையிருப்பையும் குறிக்கும். குவைனின் முறைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. உலகைப் பற்றி நம்மிடம் உள்ள மிகச் சிறந்த கோட்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தர்க்க மொழியில் எழுதுங்கள். அந்த வாக்கியங்கள் உண்மையாக இருக்க ‘ஏதோ ஒன்று’ என்ற இடத்தில் எவையெல்லாம் வந்து நிற்க வேண்டுமோ, அவை உங்கள் இருப்புப் பட்டியலில் ஏறுகின்றன. விருப்பு வெறுப்புக்கு இடமில்லை. இயற்பியலை எண்கள் இல்லாமல் எழுத முடியாதென்றால், எண்கள் இருக்கின்றன என்று ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். குவைன் அதைத் தயக்கத்தோடு ஒப்புக்கொண்டார்.

வெறும் சாத்தியங்களை மட்டும் அவர் உள்ளே விடவில்லை. அந்த வாசலில் ஒரு பருத்த மனிதர் நிற்கக்கூடும். வழுக்கைத் தலையர் ஒருவரும் நிற்கக்கூடும். அவர்கள் இருவரா, ஒருவரா? எண்ணவே வழியில்லாத ஒன்றைப் பட்டியலில் எப்படி ஏற்றுவது என்று கேட்டார். அவருடைய மாணவர் ஒருவர் அதே கணக்குமுறையைக் கற்றுக்கொண்டு, அதே பேரேட்டில், நேர் எதிரான தொகையை எழுதினார்.

வேதியியல் மாணவர் தத்துவத்துக்கு வந்த வழி

டேவிட் லூயிஸ் 1941-ல் ஒஹையோ மாநிலத்தின் ஓபர்லினில் பிறந்தார். தந்தை அங்கே அரசியல் பேராசிரியர், தாய் இடைக்கால வரலாற்றறிஞர். ஸ்வார்த்மோர் கல்லூரியில் வேதியியல் படிக்கும் எண்ணத்தோடு சேர்ந்தார். 1959–60 கல்வியாண்டை ஆக்ஸ்ஃபோர்டில் கழித்தார். அங்கே நாவலாசிரியராகவும் அறியப்பட்ட ஐரிஸ் மர்டாக் அவருக்குத் தனிப்பாடம் நடத்தினார். கில்பர்ட் ரைல் போன்றோரின் விரிவுரைகளையும் கேட்டார். திரும்பி வந்ததும் பாடத்தை மாற்றிக்கொண்டார்.

ஹார்வர்டில் குவைனின் மேற்பார்வையில் 1967-ல் முனைவர் பட்டம் பெற்றார். ஆஸ்திரேலியத் தத்துவவாதி ஜே. ஜே. சி. ஸ்மார்ட் அங்கே வந்து நடத்திய கருத்தரங்கில்தான் தன் வருங்கால மனைவி ஸ்டெஃபனியைச் சந்தித்தார். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள், பிறகு 1970 முதல் 2001-ல் இறக்கும்வரை பிரின்ஸ்டன். வெளியிலிருந்து பார்த்தால் நிகழ்ச்சிகள் குறைந்த வாழ்க்கை. வகுப்பு, கட்டுரை, கடிதம், எழுபதுகளிலிருந்து ஆண்டுதோறும் ஆஸ்திரேலியப் பயணம். அவர் பிற தத்துவவாதிகளோடு நடத்திய கடிதப் போக்குவரத்தின் தேர்ந்தெடுத்த பகுதி மட்டும் 2020-ல் இரண்டு பெரிய தொகுதிகளாக வந்திருக்கிறது. ஒரு கட்டுரையின் ஒரு பத்தியில் உள்ள ஓட்டையைச் சுட்டி எழுதியவர் முன்பின் அறியாத மாணவராக இருந்தாலும் அவர் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார். இந்தத் துறையில் ஆய்வுக்கூடம் என்று ஒன்று இருக்குமானால் அது அந்தக் கடிதங்கள்தான்.

முனைவர் பட்ட ஆய்விலிருந்து வந்த முதல் நூல் 1969-ல் வெளியானது. அதன் பொருள் மரபு. சாலையில் இடப்பக்கம் போவதா வலப்பக்கம் போவதா என்பதை இயற்கை விதிக்கவில்லை. சுவீடன் 1967 செப்டம்பர் 3-ஆம் தேதி விடியற்காலையில் இடத்திலிருந்து வலத்துக்கு மாறியது, வானம் இடிந்து விழவில்லை. மற்றவர்கள் இப்படிச் செய்வார்கள் என்று ஒவ்வொருவரும் எதிர்பார்ப்பதும், அந்த எதிர்பார்ப்பை எல்லோரும் அறிந்திருப்பதுமே மரபைத் தாங்குகின்றன என்று லூயிஸ் காட்டினார். மொழியும் இப்படித்தான் நிற்கிறது. ‘எல்லோரும் அறிந்திருப்பதை எல்லோரும் அறிந்திருத்தல்’ என்ற கருத்து பின்னர்ப் பொருளாதாரத்தில், ஒருவர் முடிவு மற்றவர் முடிவைச் சார்ந்திருக்கும் சூழல்களை ஆராயும் ஆட்டக் கோட்பாட்டில் ஓர் அடிப்படைக் கருவியாயிற்று. மீவியற்பியலுக்கு வெளியே அவர் பெயர் நிலைத்திருப்பது பெரும்பாலும் இதனால்தான்.

வடையின் ஓட்டை

இருப்புக் கணக்கு நடைமுறையில் எப்படி எழுதப்படுகிறது என்பதற்கு, டேவிட்டும் ஸ்டெஃபனியும் சேர்ந்து 1970-ல் எழுதிய ஒரு சிறு உரையாடல் நல்ல பாடம். அதில் இரண்டு பாத்திரங்கள் பாலாடைக்கட்டியின் ஓட்டைகளைப் பற்றி வாதிடுகின்றன. நாம் உளுந்து வடையை வைத்துக்கொள்வோம்.

உலகில் சடப்பொருள் மட்டுமே இருக்கிறது என்று ஒருவர் உறுதியாக நம்புகிறார். ‘இந்த வடையில் ஓர் ஓட்டை இருக்கிறது’ என்பதையும் ஒப்புக்கொள்கிறார். ஓட்டை சடப்பொருளா? மாவு இல்லாத இடத்துக்குத்தானே ஓட்டை என்று பெயர். அவருக்கு மூன்று வழிகள் உண்டு.

1. ஓட்டை என்று எதுவும் இல்லை, ‘வடை துளைபட்டிருக்கிறது’ என்பதையே அப்படிப் பேசுகிறோம் எனலாம். ஒற்றை வாக்கியத்துக்கு இது போதும். ‘இந்தத் தட்டில் எத்தனை வடைகளோ அத்தனை ஓட்டைகள்’ என்று எண்ணிக்கையை ஒப்பிடத் தொடங்கினால் மொழிபெயர்ப்பு முறிந்துவிடும்.
2. ஓட்டையும் ஒரு வகைப் பொருள், சடமல்லாத பொருள் எனலாம். கொள்கை கைநழுவும்.
3. ஓட்டையைச் சுற்றியுள்ள மாவின் உள்வளையமே ஓட்டை எனலாம். அது சடப்பொருள், எண்ணவும் முடியும். ஆனால் ‘ஓட்டை வடைக்குள் இருக்கிறது’, ‘வடை ஓட்டையைச் சூழ்ந்திருக்கிறது’ போன்ற சொற்களுக்கெல்லாம் புதுப்பொருள் தர வேண்டிவரும். வளையத்தைத் தடிப்பாக வெட்டினால் ஒன்று, மெல்லியதாக வெட்டினால் வேறொன்று. ஒரே ஓட்டைக்கு எத்தனையோ வளையங்கள் உரிமை கோரும்.

மூன்றாவது வழியைத்தான் அந்த உரையாடலின் சடவாதி எடுக்கிறார், வரும் இடிகளை ஒவ்வொன்றாகத் தாங்குகிறார். யார் வென்றார் என்று முடிவில் சொல்லப்படுவதில்லை. ஒவ்வொரு நிலைப்பாட்டுக்கும் ஒரு விலை உண்டு, விலையை மறைக்காமல் சொல்வதே ஆய்வாளரின் கடமை என்ற எண்ணம் அந்தச் சில பக்கங்களில் முழுமையாக இருக்கிறது. லூயிஸின் மற்ற நூல்கள் அனைத்தையும் நான் இதன் விரிவாகவே படிக்கிறேன்.

நடவாததன் தர்க்கம்

‘மழை பெய்திருந்தால் பயிர் பிழைத்திருக்கும்.’ மழை பெய்யவில்லை, பயிரும் பிழைக்கவில்லை. இருந்தும் இது உண்மையாக இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். நடந்தவற்றை மட்டும் எத்தனை முறை அளந்து பார்த்தாலும் இது உண்மையா என்று நேரே தெரியாது. எது இதை உண்மையாக்குகிறது?

1973-ல் லூயிஸ் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். 1968-ல் தத்துவவாதி ராபர்ட் ஸ்டால்னேக்கரும் இதை ஒட்டிய ஒரு விடையை முன்வைத்திருந்தார். விடை இது: உலகம் இருந்திருக்கக்கூடிய ஒவ்வொரு விதத்தையும் ஒரு சாத்திய உலகம் என்று கொண்டு, மழை பெய்த உலகங்கள் எல்லாவற்றிலும் நம் உலகுக்கு மிக நெருக்கமானவற்றைப் பாருங்கள். அவற்றில் பயிர் பிழைத்திருந்தால் வாக்கியம் உண்மை. ‘நெருக்கம்’ என்பது ஒப்புமை. மண், விதை, உழவர், இயற்கை விதிகள் எல்லாம் கூடிய மட்டும் அப்படியே இருக்க, மழை மட்டும் மாறிய உலகம்.

இந்த விடையின் வலிமை ஒரு சின்னச் சோதனையில் தெரியும். ‘மழை பெய்திருந்தால் பயிர் பிழைத்திருக்கும்; மழை பெய்து, வெட்டுக்கிளியும் வந்திருந்தால் பிழைத்திருக்காது.’ இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும் என்று எந்த விவசாயிக்கும் தெரியும். கணிதத் தர்க்கத்தின் வழக்கமான ‘எனில்’ இதைச் சரியாக விளக்காது. அதில் நிபந்தனையைக் கூட்டினால் முடிவு மாறாது. நெருக்க விதி இதை எளிதாக விளக்குகிறது: வெட்டுக்கிளி வந்த உலகங்கள் இன்னும் சற்றுத் தள்ளி இருக்கின்றன.

அதே 1973-ல், காரணம் என்பதையும் இதை வைத்தே விளக்க முயன்றார். அது நிகழாதிருந்தால் இது நிகழ்ந்திருக்காது என்றால், அது இதற்குக் காரணம். நீதிமன்றங்கள் பொறுப்பை நிர்ணயிக்கக் கேட்கும் கேள்வியும் இதுதான்: இந்தச் செயல் இல்லாவிட்டால் இந்தச் சேதம் நேர்ந்திருக்குமா? கடன் விண்ணப்பத்தை ஒரு கணினி நிரல் மறுக்கும்போது, வருமானம் எவ்வளவு கூடியிருந்தால் கடன் கிடைத்திருக்கும் என்று விளக்கம் கேட்கும் முறையும் இதே அச்சில் வார்த்தது.

ஆனால் ஒரு மாங்காய் போதும், இந்த விளக்கத்தைத் தடுமாற வைக்க. கண்ணனும் மணியும் ஒரே மாங்காயைக் குறிவைத்துக் கல்லெறிகிறார்கள். கண்ணனின் கல் முதலில் பட்டு மாங்காய் விழுகிறது. மணியின் கல் ஒரு நொடி கழித்து வெறும் காம்பைக் கடக்கிறது. கண்ணன் எறியாதிருந்தால்? மணியின் கல் பட்டு மாங்காய் விழுந்தே இருக்கும். அப்படியானால் விதிப்படி கண்ணனின் எறி காரணம் அல்ல. மாங்காயை வீழ்த்தியவன் கண்ணன் என்பதில் தோட்டக்காரருக்கு எள்ளளவும் ஐயம் இல்லை.

லூயிஸ் இதோடு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் போராடினார். இடைக்கண்ணிகளைச் சங்கிலியாகக் கோத்துப் பார்த்தார். இந்த வகை நிகழ்வுக்கு அது போதவில்லை. 2000-ல் புதிய வடிவம் தந்தார்: கண்ணனின் எறி சற்று முந்தியோ பிந்தியோ, வலுத்தோ மெலிந்தோ மாறியிருந்தால், மாங்காய் விழுந்த நேரமும் விதமும் அதற்கேற்ப மாறியிருக்கும், மணியின் எறியில் அதே மாற்றங்களைச் செய்தால் அந்த அளவு மாற்றம் வராது. இதற்கும் எதிர் எடுத்துக்காட்டுகள் வந்துவிட்டன. தன் விடை தோற்றது என்று அச்சிலேயே ஒப்புக்கொண்டு மறுபடி தொடங்கும் இந்தப் பழக்கத்தை, அவருடைய எந்த முடிவையும்விட நான் உயர்வாக மதிக்கிறேன்.

உலகங்கள் பட்டியலில் ஏறிய விதம்

இனி பெரிய செலவுக்கு வருவோம். ‘நெருக்கமான உலகம்’ என்று பேசினோம். அந்த உலகங்கள் உண்மையில் இருக்கின்றனவா, அல்லது வெறும் பேச்சா? குவைனின் மாணவர் பேச்சு என்று தட்டிக்கழிக்க முடியாது. கோட்பாட்டுக்கு அவை தேவையென்றால் பட்டியலில் ஏற்ற வேண்டும். 1984-ல் ஆக்ஸ்ஃபோர்டில் நிகழ்த்திய ஜான் லாக் விரிவுரைகளிலும், 1986-ல் அவற்றிலிருந்து உருவான உலகங்களின் பன்மை பற்றிய நூலிலும் லூயிஸ் அதைச் செய்தார். வாதத்தின் எலும்புக்கூடு இது:

1. சாத்தியம், அவசியம், நடவாதது, காரணம், பண்பு, நம்பிக்கையின் உள்ளடக்கம் ஆகிய பலவற்றை, பல உலகங்கள் உண்டு என்று கொண்டால் ஒரே கருவியால் விளக்கிவிடலாம்.
2. கணிதவியலாளர்கள் கணங்களை (பொருள்களின் தொகுப்புகளை) ஏற்றுக்கொள்வது அவற்றைப் பார்த்ததால் அல்ல, அவை தரும் பயனால்.
3. அதே நியாயம் இங்கும் பொருந்தும். பயன் பெரிது, விலை தாங்கக்கூடியது என்றால் உலகங்களை ஏற்க வேண்டும்.

அவர் ஏற்ற உலகங்கள் நிழல்கள் அல்ல. நம் உலகைப் போலவே கல்லும் மண்ணும் உயிரும் கொண்டவை. எந்தெந்த விதத்தில் ஓர் உலகம் இருக்கக்கூடுமோ, அந்தந்த விதத்தில் ஓர் உலகம் இருக்கிறது. பேசும் கழுதைகள் உள்ள உலகமும் உண்டு. ‘நிஜம்’ என்ற சொல் ‘இங்கே’ என்பதைப் போன்றது: மதுரையில் இருப்பவர் ‘இங்கே’ என்றால் மதுரை, மாஸ்கோவில் இருப்பவர் சொன்னால் மாஸ்கோ. அந்த உலகத்தவர் தங்கள் உலகை நிஜம் என்பார்கள், அவர்கள் சொல்வதும் சரி.

இது மிகையான செலவு இல்லையா? லூயிஸ் ஒரு வேறுபாட்டைச் சுட்டினார். பொருள்களின் எண்ணிக்கையில் சிக்கனம் வேறு, வகைகளில் சிக்கனம் வேறு. ஓர் உலகத்தை ஏற்கெனவே ஏற்றிருக்கிறோம். அதே வகையில் இன்னும் பல ஏற்பதால் புதிய வகை எதுவும் சேரவில்லை என்றார். இந்த வாதம் எனக்கு அரைகுறையாகவே படுகிறது. ஒரு கோட்பாடு முடிவிலா எண்ணிக்கையில் கழுதைகளைக் கூட்டும்போது, ‘எல்லாம் கழுதை வகைதான்’ என்பது முழு ஆறுதல் தராது.

மலிவான மாற்று வழி ஒன்று உண்டு, பெரும்பாலோர் அதையே விரும்புகிறார்கள். சாத்திய உலகம் என்பது வாக்கியங்களின் முழுமையான ஒரு தொகுதி, ஒரு மாபெரும் கதைப்புத்தகம், அவ்வளவே எனலாம். பேசும் கழுதை இருக்க வேண்டியதில்லை, அதைப் பற்றிய வாக்கியம் இருந்தால் போதும். லூயிஸ் இங்கேதான் தன் கூர்மையைக் காட்டுகிறார். எல்லா வாக்கியத் தொகுதியும் உலகம் ஆகாது. ‘கழுதை பேசுகிறது’, ‘எந்தக் கழுதையும் பேசாது’ இரண்டையும் சேர்த்து வைத்த புத்தகத்தைத் தள்ள வேண்டும். எதை வைத்துத் தள்ளுவது? ‘இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்கச் சாத்தியமில்லை’ என்று சொல்லித்தான். சாத்தியத்தை விளக்கப் புறப்பட்டவர், சாத்தியத்தையே முதலீடாகப் போட்டுவிட்டார். மலிவு வழிக்கும் ஒரு மறைவிலை இருக்கிறது.

தன் கொள்கைக்குக் கிடைத்தவற்றில் வாதங்கள் குறைவு, நம்பவே முடியாமல் வெறித்த பார்வைகள்தான் அதிகம் என்று லூயிஸ் குறிப்பிட்டிருக்கிறார். வெறித்த பார்வைக்குப் பதில் வாதம் தர முடியாது. ஆனால் பொதுப்புத்தியோடு இவ்வளவு முரண்படுவது மெய்யான ஒரு விலை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். கொடுத்துப் பெறத் தகும் விலை என்று கணித்தார், அவ்வளவுதான்.

மூன்று வேறு ‘பல உலகங்கள்’

இப்போது தொடக்கத்தில் இருந்த குழப்பத்தைப் பிரிக்கலாம்.

1. அண்டவியலின் பல்லண்டம்: பெருவீக்கம் எனப்படும் அதிவேக விரிவில் தனித்தனிக் குமிழிகளாக அண்டப் பகுதிகள் உருவாகின்றன என்ற கருதுகோள். அவை எட்ட முடியாத தொலைவில் இருந்தாலும் ஒரே வெளி-காலத்தைச் சேர்ந்தவை.
2. குவாண்டக் கிளைகள்: 1957-ல் ஹியூ எவரெட் பிரின்ஸ்டனில் அளித்த ஆய்விலிருந்து வளர்ந்த விளக்கம். கிளைகள் அனைத்தும் ஒரே அலைச்சார்பின் (குவாண்டம் நிலையை விவரிக்கும் கணித உருவின்) பகுதிகள், பொதுவான கடந்த காலம் உடையவை, ஒரே இயற்கை விதிகளுக்குக் கட்டுப்பட்டவை.
3. லூயிஸின் சாத்திய உலகங்கள்: இவற்றுக்கிடையே தொலைவும் இல்லை, முன்பின்னும் இல்லை, காரணத் தொடர்பும் இல்லை. விதிகளே வேறாக இருக்கும் உலகங்களும் உண்டு.

வெளியாலோ காலத்தாலோ இணைந்தவை அனைத்தும் ஓர் உலகம் என்பதே லூயிஸின் வரையறை. ஆகவே முதல் இரண்டும் உண்மையானாலும், அத்தனை குமிழியும் அத்தனை கிளையும் அவர் கணக்கில் ஒரே ஓர் உலகத்துக்குள் அடங்கும். எந்தச் சிப்பும், எந்தத் தொலைநோக்கியும் அவர் கொள்கையை மெய்ப்பிக்க முடியாது, பொய்ப்பிக்கவும் முடியாது. அதை நிறுத்துப் பார்க்கும் தராசு வேறு இடத்தில் இருக்கிறது.

சுவர் எப்போது பிறக்கிறது?

உள்பொருளியலாளர்கள் உலகங்களைப் பற்றி மட்டுமே சண்டையிடுவதில்லை. மேசை நாற்காலிகளைப் பற்றியும் அதே தீவிரத்தோடு சண்டையிடுகிறார்கள். பல பொருள்கள் எப்போது சேர்ந்து ஒரு பொருளாகின்றன? பீட்டர் வான் இன்வேகன் 1990-ல் வெளியிட்ட நூலில் தந்த விடை: அவை சேர்ந்து ஓர் உயிராக இயங்கும்போது மட்டும். பூனை இருக்கிறது. மேசை இல்லை, மேசை வடிவில் அமைந்த துகள்களே இருக்கின்றன.

லூயிஸ் எதிர்முனைக்குப் போனார். எவை எவை இருந்தாலும், அவற்றைச் சேர்த்த ஒரு பொருளும் இருக்கிறது. உங்கள் மேசையின் ஒரு காலும் நிலவும் சேர்ந்த பொருளும் இருக்கிறது. நாம் அதற்குப் பெயர் வைக்கவில்லை. இது வீம்பு போலத் தோன்றும், ஆனால் பின்னால் ஒரு கனமான வாதம் இருக்கிறது. கொத்தனார் செங்கல் அடுக்குகிறார். முதல் கல்லில் சுவர் இல்லை, நூறாவது கல்லில் இருக்கிறது. எந்தக் கல்லில் பிறந்தது? கறாரான எல்லை கிடையாது என்போம். ஆனால் ‘சுவர் என்று அழைக்கலாமா’ என்பதில் மங்கல் இருக்கலாம். ‘ஒரு பொருள் கூடுதலாக இருக்கிறதா, இல்லையா’ என்பதில் எப்படி மங்கல் இருக்க முடியும்? உலகில் மொத்தம் இத்தனை பொருள்கள் என்று ‘உண்டு’, ‘அல்ல’, ‘அதுவே இது’ ஆகிய சொற்களை மட்டும் கொண்டே எழுதிவிடலாம். அச்சொற்களில் மங்கல் இல்லை. ஆகவே சேர்க்கைக்கு மங்கலான வரம்பு வைக்க முடியாது. வைத்தால் பொருள்களின் எண்ணிக்கையே மங்கிவிடும். ஒன்று எதுவும் சேராது, அல்லது எல்லாம் சேரும்.

இந்தச் சண்டைக்கே பொருள் உண்டா என்று கேட்பவர்களும் உண்டு. ஏமி தாமஸன் 2015-ல் வெளியிட்ட நூலில், ‘மேசை’ என்ற சொல்லைப் பயன்படுத்தத் தெரிந்தவர் ஓர் அறைக்குள் நுழைந்து பார்த்தாலே விடை கிடைத்துவிடும், அதற்கு மேல் ஆழம் எதுவும் இல்லை என்று வாதிடுகிறார். ஜொனதன் ஷாஃபர் 2009-ல், எது இருக்கிறது என்பதைவிட எது எதைச் சார்ந்து இருக்கிறது என்பதே சரியான கேள்வி என்றார். என் கணிப்பில் ஷாஃபரின் திருப்பம் பயன் மிக்கது. ஆனால் செங்கல் வாதம் அதனால் காணாமல் போய்விடவில்லை.

ஒருவர் இன்னொரு உலகில் இருக்க முடியுமா?

கடைசியாக ஒரு சிக்கல். லூயிஸின் உலகங்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை, ஆகவே எவரும் இரண்டு உலகங்களில் இருக்க முடியாது. அப்படியானால் ‘நான் மருத்துவர் ஆகியிருக்கலாம்’ என்பதற்கு என்ன பொருள்? இன்னோர் உலகில் என்னைப் போலவே ஒருவர், என் நிகராள், மருத்துவர் ஆகியிருக்கிறார் என்பதே பொருள் என்று 1968-லேயே லூயிஸ் எழுதியிருந்தார். 1970-ல் பிரின்ஸ்டனில் ஆற்றிய புகழ்பெற்ற உரைகளில் சால் கிரிப்கி இதை மறுத்தார். 1968 அமெரிக்கத் தேர்தலில் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி தோற்றார். ‘நான் வென்றிருக்கலாம்’ என்று அவர் ஏங்கும்போது, தன்னைப் போன்ற யாரோ ஒருவர் எங்கோ வென்றதைப் பற்றி அவருக்கு என்ன அக்கறை?

இதற்கு லூயிஸ் தந்த மறுமொழி: நிகராள் வென்றிருப்பதுதான் ‘ஹம்ஃப்ரி வென்றிருக்கலாம்’ என்பதை உண்மையாக்குகிறது, அந்த வாக்கியம் ஹம்ஃப்ரியைப் பற்றியதாகவே நீடிக்கிறது. தர்க்கத்தில் இது நிற்கும். எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை.

லூயிஸுக்கு நீண்ட காலம் நீரிழிவு நோய் இருந்தது. சிறுநீரகங்கள் செயலிழந்தன. 2000-ல் ஸ்டெஃபனி தன் சிறுநீரகம் ஒன்றைத் தந்தார். அதன் பிறகு லூயிஸ் ஓராண்டுக்குச் சற்று மேலாக உழைத்தார். 2001 ஜூனில் கான்பராவில், ஸ்மார்ட்டின் பெயரில் அமைந்த விரிவுரையில், குவாண்டக் கோட்பாட்டின் புகழ்பெற்ற கற்பனைச் சோதனையில் வரும் ஷ்ரோடிங்கரின் பூனைக்கு எத்தனை உயிர்கள் என்று எவரெட்டின் கிளைகளைப் பற்றிப் பேசினார். அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று இறந்தார்.

‘ஸ்டெஃபனி சிறுநீரகம் தராதிருந்தால், டேவிட் அந்த உரையை நிகழ்த்தியிருக்க மாட்டார்.’ அவருடைய கோட்பாட்டின்படி இதை உண்மையாக்குவது, நம் உலகுக்கு நெருக்கமான வேறோர் உலகில், இன்னொரு பெண் தராததும், இன்னொரு மனிதர் கான்பராவுக்கு வராததும். இந்த வாக்கியத்தைப் படிக்கும்போது நான் நினைப்பது அந்த இருவரையும் அல்ல, இந்த இருவரை மட்டுமே.